ஐ.ஆர். படிக்க எந்த வழி: அண்ணா நகர் வகுப்பா, நாளிதழா, வீடியோவா, ஆப்ஷனலா?

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் ஐ.ஆர்., அதாவது சர்வதேச உறவுகள், பற்றித் தாம்பரத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அண்ணா, பாலிட்டி ஓரளவு முடிச்சுட்டேன். ஐ.ஆர். மட்டும் எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்னே தெரியல. அண்ணா நகர்ல தனியா ஐ.ஆர். மாட்யூல் போடுறாங்களாம், சேரட்டுமா? இல்ல பி.எஸ்.ஐ.ஆரையே ஆப்ஷனலா எடுத்துட்டா ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிடுமா?" (பாலிட்டி என்பது அரசமைப்பும் ஆட்சியும். பி.எஸ்.ஐ.ஆர். என்பது அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த பாடம்; ஆப்ஷனல் என்றால் விருப்பப் பாடம்.) அவர் காலை ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். மாலை ஐந்துக்கு மேல்தான் புத்தகம் திறக்க முடியும்.

அதே வாரம் இன்னொரு தம்பி. அண்ணா நகரிலேயே மேன்ஷனில் தங்கி முழுநேரமாகப் படிப்பவர். அவருடைய சிக்கல் நேர் எதிர். "வகுப்பும் போறேன், ரெண்டு சேனலும் பாக்குறேன், பேப்பரும் வாங்குறேன். டெஸ்ட்ல ஐ.ஆர். கேள்விக்கு மட்டும் நாலுதான் போடுறாங்க."

இருவருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். மூன்று முறை மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) எழுதி, ஒருமுறை நேர்முகத்துக்காக டெல்லி ஷாஜகான் சாலை வரை போய்த் திரும்பியவன் நான். இப்போது மற்றவர்களின் விடைத்தாள் திருத்துகிறேன். திருத்தும்போது தெரிந்துகொண்டதுதான் இங்கே அதிகம்.

எதை வைத்து எடை போடுவது

முதலில் மதிப்பெண். பொதுப்பாடம் இரண்டாம் தாள் 250. அதில் அரசமைப்பு, ஆட்சி நிர்வாகம், சமூக நீதி எல்லாம் போக, சர்வதேச உறவுகளுக்கு அண்மை ஆண்டுகளில் வழக்கமாக வருவது நான்கு கேள்வி: 10 மதிப்பெண்ணில் இரண்டு, 15-ல் இரண்டு. ஆக 50. மெயின்ஸ் எழுத்துத் தேர்வு மொத்தம் 1750. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. கட்டுரைத் தாளிலும் நேர்முகத்திலும் கொஞ்சம் உதவும், பிரிலிம்ஸில் (முதல்நிலைத் தேர்வில்) ஒன்றிரண்டு கேள்வி வரும். அப்படிச் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் ஆறு மாதம் கொட்டுகிற பாடமல்ல இது.

இரண்டாவது, கெட்டுப்போகும் வேகம். பாலிட்டி நோட்ஸ் இரண்டு வருடம் தாங்கும். ஐ.ஆர். நோட்ஸ் தயிர் மாதிரி. 2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு வெளியேறினார். அந்த வருட மெயின்ஸ் செப்டம்பர் 20-ல் தொடங்கியது. ஜூலையில் ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கிய வங்கதேச நோட்ஸ் தேர்வுக்கு ஆறு வாரம் முன்பே பழைய பேப்பர். சிந்து நதி ஒப்பந்தமும் அப்படித்தான். 1960-லிருந்து போர்களையெல்லாம் தாண்டி நின்ற ஒப்பந்தம் என்று எல்லோரும் மனப்பாடமாக எழுதிவந்தோம். 2025 ஏப்ரலில், பஹல்காம் தாக்குதலுக்கு அடுத்த நாள், இந்தியா அதை நிறுத்திவைத்தது.

மூன்றாவது, பழைய வரலாற்றையும் புதுச் செய்தியையும் யார் முடிச்சுப் போடுகிறார்கள் என்பது. என் கணக்கில் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. கீழே ஒவ்வொரு வழியையும் இதை வைத்துத்தான் உரசிப் பார்க்கப்போகிறேன்.

நான்காவது, எழுதும் நேரம். பெரும்பாலும் 9, 10, 19, 20-வது கேள்விகளாகத்தான் ஐ.ஆர். வரும். காலையில் முதல் தாளை மூன்று மணி நேரம் எழுதிய கை, மதியம் இரண்டாம் தாளின் கடைசி இருபது நிமிடத்தில் 19-ஐயும் 20-ஐயும் தொடுகிறது. அங்கே முப்பது மதிப்பெண் இருக்கிறது. நான் திருத்தும் தாள்களில் அந்த இரண்டு விடையும் தெரியாததால் போவதைவிட, நேரமில்லாமல் போவதுதான் அதிகம். மேன்ஷன் தம்பியின் தாளை வாங்கிப் பார்த்தேன். 19-க்கு ஒன்றரைப் பக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு வரி. அவருக்கு விஷயம் தெரியும். எட்டாவது கேள்விக்கே பதினான்கு நிமிடம் செலவழித்திருந்தார்.

பணம் கடைசி. கட்டணத்தை நீங்களே விசாரித்துவிடுவீர்கள். விசாரிக்காமல் விடுவது மறைமுகச் செலவு.

உரசிப் பார்க்க ஒரு செய்தி

பொதுவாகப் பேசினால் நான்கு வழியும் நன்றாகத்தான் தெரியும். அதனால் நம் ஊர்ச் செய்தி ஒன்றை எடுத்துக்கொள்வோம்: "எல்லை தாண்டி மீன்பிடித்ததாக ராமேஸ்வரம் மீனவர்கள் கைது; விசைப்படகு பறிமுதல்." மாதத்துக்கு ஒருமுறையாவது கண்ணில் படும் வரி. 2013 மெயின்ஸிலேயே இலங்கை உறவை முன்வைத்து, உள்நாட்டுக் காரணிகள் வெளியுறவுக் கொள்கையை எப்படிப் பாதிக்கின்றன என்று கேட்டார்கள். 2022-ல் இலங்கை நெருக்கடியில் இந்தியாவின் பங்கு பற்றிக் கேட்டார்கள்.

இதற்கு ஒரு நல்ல விடையில் என்னென்ன இருக்கும்? 1974 ஒப்பந்தம் கச்சத்தீவை இலங்கைப் பக்கம் வைத்தது, ஆனால் இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் விசா இல்லாமல் அங்கே போய்வரலாம் என்றது. 1976 ஏற்பாடு ஒரு நாட்டு மீனவர் மறுநாட்டுக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்றது. 2009-ல் இலங்கையில் போர் முடிந்ததும் அங்கே வடக்கு மாகாண மீனவர்கள் மீண்டும் கடலுக்கு வந்தார்கள். 2017-ல் இலங்கை இழுவைமடிக்கு (கடலடியை அரித்து மீனை வாரும் வலை) தடைச் சட்டம் போட்டது. நம் விசைப்படகு வலையால் அரித்துக்கொண்டு போகும் அந்தப் பக்கத்துக் கடலில் பிழைப்பவரும் தமிழர்தான். இந்த ஒரு வரியைச் சேர்க்கிறவர்களின் விடை அங்கேயே தனித்துத் தெரியும், ஏனென்றால் மற்றவர்கள் எல்லோரும் 'சிங்களக் கடற்படை எதிர் தமிழ் மீனவர்' என்று மேடைப் பேச்சில் நின்றுவிடுகிறார்கள்.

அதன்பிறகு அரசமைப்பு. மீன்வளம் மாநிலப் பட்டியல், ஆனால் நாட்டின் பிராந்தியக் கடற்பரப்புக்கு அப்பால் மீன்பிடித்தல் ஒன்றியப் பட்டியல். கச்சத்தீவை விட்டுக்கொடுக்கவில்லை, தகராறில் இருந்த எல்லையைத்தான் தீர்த்துக்கொண்டோம் என்பது நீதிமன்றத்தில் ஒன்றிய அரசின் வாதம். பக்கத்தில் ஒப்பிட வங்கதேசத்தோடான டீஸ்டா நதிநீர் ஒப்பந்தம் இருக்கிறது: 2011-ல் மேற்கு வங்க அரசு ஒப்பாததால் நின்றுபோனது. 2015 வங்கதேச நில எல்லை ஒப்பந்தமோ நூறாவது அரசமைப்புத் திருத்தத்தோடு நிறைவேறியது. மாநிலம் மறித்த கதை ஒன்று, ஒத்துவந்த கதை ஒன்று.

இனி ஒவ்வொரு வழியும் இதில் எவ்வளவு தருகிறது என்று பார்ப்போம்.

அண்ணா நகர் வகுப்பு

ஐ.ஆர். மாட்யூல் என்பது பொதுவாகச் சில வார வகுப்பு. நல்ல ஆசிரியர் கிடைத்தால் 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் தொடங்கி 1987 ஒப்பந்தம், இலங்கை அரசமைப்பின் பதின்மூன்றாவது திருத்தம் வழியாக இன்றைய இலங்கைக்கு இரண்டே மணி நேரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். தனியாகப் படித்தால் இந்தக் கோடு கிடைக்க மூன்று வாரம் ஆகும். வகுப்பின் உண்மையான மதிப்பு இதுதான். மலாக்கா நீரிணையும் ஹோர்முஸ் நீரிணையும் எங்கே என்று வரைபடம் பார்த்தே பழகாதவர்களுக்கு, ஒருவர் சுவரில் கைவைத்துக் காட்டினால் அது மறக்காது.

ஆனால் முடிச்சைப் போடுவது அவர், நீங்கள் அல்ல. வகுப்பு முடிந்த மறுநாள் வரும் செய்திக்கு நீங்கள் போடவேண்டிய முடிச்சைக் கற்றுக்கொள்ளாமலே வந்துவிட வாய்ப்பு அதிகம். நான் சேர்ந்திருந்த ஓரிடத்தில் ஐ.ஆர். வகுப்பை ஜனவரியில் முடித்துவிட்டார்கள். "கரன்ட் பார்ட் அப்டேட் பண்ணிடுவோம்" என்றார்கள். மெயின்ஸுக்கு முந்தைய வாரம் நாற்பது பக்கப் பி.டி.எஃப். வந்தது. அதைத் திறந்தது நினைவிருக்கிறது, மூடியது நினைவில்லை.

மறைமுகச் செலவில் முதலிடம் பயணத்துக்கு. தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வந்து மெட்ரோ மாறி அண்ணா நகர் டவர் போய் இறங்கினால் வீட்டு வாசலிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். போக வர இரண்டரை. இரண்டு மணி நேர வகுப்புக்கு இரண்டரை மணி நேரப் பயணம், அதுவும் ஷிஃப்ட் முடிந்த உடம்போடு. அண்ணா நகரிலேயே தங்கினால் வாடகை, மெஸ், அப்புறம் டீக்கடை. டீக்கடையைச் செலவில் சேர்ப்பது காசுக்காக அல்ல. மாலை ஆறிலிருந்து எட்டு வரை அங்கே நடக்கும் உலக அரசியல் அரட்டையை 'படிப்பு' என்று எண்ணிய ஒரு வருடம் எனக்கு உண்டு.

பணம் தடையென்றால் தனியார் வகுப்பு மட்டும்தான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். பசுமைவழிச் சாலையில் தமிழக அரசின் அகில இந்திய குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் அங்கே சேரலாம். நான் முதல்வன் திட்டத்தில் 2023-லிருந்து, மதிப்பீட்டுத் தேர்வில் தேர்வாகும் ஆயிரம் பேருக்குப் பிரிலிம்ஸ் தயாரிப்புக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம், பிரிலிம்ஸ் தேறினால் 25,000 ரூபாய் என்று அறிவித்துத் தொடங்கினார்கள். அறிவிப்பு வரும் நேரத்தில் கவனமாக இருங்கள். தேதி தவறவிட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

வகுப்பு யாருக்கு? வரலாறு, புவியியல் பின்னணி இல்லாமல் பொறியியலிலிருந்து நேராக வந்து, இது முதல் முயற்சியாக இருப்பவருக்கு. பக்கத்தில் குடியிருப்பவருக்கு. இரண்டாவது முறை அதே வகுப்புக்குப் போவது வீண்.

நாளிதழும் நூலகமும்

செலவு என்று பார்த்தால் நாளிதழ் சந்தாவும் கோட்டூர்புரம் போகும் ரயில் டிக்கெட்டும். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் காலையிலேயே இடம் பிடிக்க வேண்டும். ஏ.சி. குளிருக்கு ஒரு துண்டோ சால்வையோ எடுத்துப்போங்கள். போட்டித் தேர்வுக்காரர்கள்தான் அங்கே பாதிப்பேர், வாயைத் திறக்காமல் படிக்கும் கூட்டத்தின் நடுவில் உட்கார்வதே ஒரு கட்டுப்பாடு.

மீனவர் செய்தியில் இந்த வழி தருவது பாதிக்கு மேல். தமிழ் நாளிதழில் கைது, படகு எண்ணிக்கை, ராமேஸ்வரத்தில் வேலைநிறுத்தம் எல்லாம் விரிவாக இருக்கும். ஆங்கில நாளிதழின் நடுப்பக்கத்தில் இரு தரப்புக் கூட்டுப் பணிக்குழு, ஆழ்கடல் மீன்பிடித் திட்டம், யாழ்ப்பாண மீனவர் சங்கத்தின் குரல் வரும். வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு நாட்டோடும் உள்ள உறவு பற்றிச் சில பக்கச் சுருக்கக் குறிப்பு இருக்கிறது. இலவசம், அரசு சொல்லும் நிலைப்பாடு அதில் அப்படியே இருக்கும். நாடாளுமன்ற வெளியுறவு நிலைக்குழு அறிக்கைகளில் அதே அரசைக் கேள்வி கேட்கும் பகுதியும் கிடைக்கும். ஒன்றை நிலைப்பாட்டுக்கும் இன்னொன்றை விமர்சனத்துக்கும் வைத்துக்கொண்டால் விடையின் இரண்டு பக்கமும் தயார்.

நாளிதழ் சொல்லாதது 1964-ம் 1974-ம். அதை நீங்கள்தான் தேடிப்போக வேண்டும். தேடிப்போகிற அந்த வேலையில்தான் முடிச்சுப் போடும் பழக்கம் வருகிறது. அதனால்தான் இந்த வழிமேல் எனக்குச் சாய்வு. மறைக்கவில்லை.

இதிலும் மறைமுகச் செலவு உண்டு, அது நேரம். ஆங்கில நாளிதழ் புதிதாகப் படிப்பவருக்கு முதல் இரண்டு மாதம் தினம் இரண்டு மணி நேரம் போய்விடும். அமெரிக்க அதிபர் இன்று என்ன சொன்னார், யார் யாரைக் கட்டிப்பிடித்தார் என்பதில் கண் நிற்கும். சிலபஸில் இருப்பதோ அண்டை நாடுகள், குழுக்களும் ஒப்பந்தங்களும், பிற நாடுகளின் கொள்கை நம் நலனைப் பாதிப்பது, புலம்பெயர்ந்தோர், சர்வதேச அமைப்புகள். இந்த ஐந்தை நாளிதழுக்குள் புத்தகக்குறி மாதிரி வைத்துக்கொண்டு, எதிலும் விழாத செய்தியைத் தாண்டிப் போகப் பழக வேண்டும். மேன்ஷன் தம்பி பேப்பரை வெட்டி வெட்டிக் கோப்பில் போட்டிருந்தார். நான்கு கோப்பு. "திரும்பிப் பார்த்தியா?" என்றேன். சிரித்தார்.

நாடு ஒன்றுக்கு ஒரே ஒரு தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கமும். இடப்பக்கம் மாறாதது: வருடம், ஒப்பந்தம், எல்லை. வலப்பக்கம் பென்சிலில் மாறுவது. இலங்கைத் தாளின் வலப்பக்கத்தில் 2022-ல் இந்தியா கொடுத்த ஏறத்தாழ 400 கோடி டாலர் உதவி எழுதியிருக்கும். தெற்காசிய நாடுகளின் அமைப்பான சார்க் தாளில் 2014 காத்மாண்டு மாநாட்டோடு வலப்பக்கம் நின்றுவிடும். அந்த வெற்றிடமே ஒரு விடை, ஏன் பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடா நாடுகளின் அமைப்பு) என்று கேட்டால்.

யாருக்கு? தினம் ஒன்றரை மணி நேரம் உறுதியாகக் கிடைப்பவருக்கு, ஆங்கிலம் மெதுவாகவாவது படிக்க முடிந்தவருக்கு, இரண்டாவது முயற்சிக்காரர் எல்லோருக்கும்.

வீடியோ

சுருக்கமாகவே சொல்கிறேன். பின்னணி தெரியாத ஒரு தலைப்பை, உதாரணமாக மேற்கு ஆசியாவை, நாற்பது நிமிடத்தில் புரிந்துகொள்ள இதைவிட வேகமான வழியில்லை. மின்சார ரயிலில் நின்றுகொண்டே கேட்கலாம். தாம்பரம் தங்கைக்குப் பயண நேரமே வகுப்பாகிவிடும்.

ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்த எதுவும் கைக்கு வராது என்பதுதான் இதன் செலவு. டெல்லி சேனல்கள் பாதி இந்தியில் போகும், நம் ஆட்கள் புரிந்ததுபோல் தலையாட்டிக்கொண்டு பார்ப்பார்கள். கச்சத்தீவு பற்றி அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்: தீவும் தேர்தலும் வரும், இழுவைமடி வராது. நம் பக்கத்துச் செய்தியை நாம்தான் சேர்க்க வேண்டும். ஒரு வீடியோவுக்கு ஒரு விடை எழுதினால் மட்டும் அடுத்ததைத் திறப்பது என்று வைத்தால் இந்த வழி உருப்படும். டெலிகிராமில் யாரோ திருட்டுத்தனமாகப் போட்ட அறுநூறு வீடியோவை இறக்கி வைப்பது தயாரிப்பு அல்ல, போன் மெமரிதான் நிறையும்.

பி.எஸ்.ஐ.ஆர். ஆப்ஷனல்

"ரெண்டும் ஒண்ணா முடிஞ்சிடும்" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது. 500 மதிப்பெண்ணுக்குப் படிப்பது, பொதுப்பாடத்தில் 50-க்கும் உதவும், பாலிட்டிக்கும் உதவும், நேர்முகத்துக்கும் உதவும். கணக்குச் சரிதான்.

ஆனால் ஐ.ஆர். பிடிக்கும் என்று உள்ளே போனவர்களை வாசலில் வரவேற்பது பிளேட்டோ. முதல் தாளில் அரசியல் கோட்பாடு, இந்தியச் சிந்தனை, மேலைச் சிந்தனையாளர்கள் வரிசையாக கிராம்ஷி, ஹன்னா ஆரெண்ட் வரை, அதன்பின் இந்திய அரசியல். (இந்தியச் சிந்தனையாளர் பட்டியலில் பெரியார் இல்லை. சென்னையில் உட்கார்ந்து அந்தப் பட்டியலைப் படிக்கும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.) இரண்டாம் தாளில்தான் ஒப்பீட்டு அரசியலும், சர்வதேச அரசியலும், 'இந்தியாவும் உலகமும்' பகுதியும். அதாவது நீங்கள் ஆசைப்பட்டது பாதிதான், மீதியைச் சேர்த்து வாங்க வேண்டும்.

மீனவர் கேள்விக்கு இங்கே வேறு மாதிரி விடை கேட்பார்கள். யதார்த்தவாதப் பார்வையில் இந்தியா ஏன் மாநிலத்தின் குரலைவிடத் தீவு நாட்டின் நட்பை மேலாக எண்ணும், சீனாவின் நிழல் அதில் என்ன செய்யும் என்று கோட்பாட்டுக் கண்ணாடி போட்டு எழுத வேண்டும். இதே கண்ணாடியைக் கழற்றாமல் பொதுப்பாடத் தாளிலும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். 150 சொல் விடையில் யதார்த்தவாத அறிஞர் மார்கெந்தாவுக்கு மூன்று வரி கொடுத்துவிட்டு, 1976-ஐ மறந்துவிடுவார்கள்.

தமிழில் எழுதப்போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மெயின்ஸைத் தமிழில் எழுதலாம், ஆனால் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். 'ஸ்ட்ராடஜிக் அட்டானமி' என்று கேள்வியில் பார்த்ததும் உங்கள் பேனாவில் எந்தத் தமிழ்ச் சொல் வரப்போகிறது என்று முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பொதுப்பாடத்தில் இப்படி ஐம்பது, அறுபது சொல்லுக்குச் சொந்த அகராதி போட்டால் போதும். பி.எஸ்.ஐ.ஆரில் அது நூற்றுக்கணக்கில் போகும், தமிழில் பாடநூலும் குறைவு. தமிழ் இலக்கியத்தில் உண்மையான பிடிப்பு உள்ளவர்கள் அதை விட்டுவிட்டு ஐ.ஆருக்காக இங்கே வருவதை நான் தடுப்பேன்.

யாருக்கு? அரசியல் அறிவியலோ வரலாறோ பட்டப்படிப்பில் படித்தவருக்கு. கோட்பாடு படிக்கும்போது தூக்கம் வராதவருக்கு. அது தெரிய ஒரு சோதனை: முதல் தாளின் பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்து, முதல் பகுதிக் கேள்விகளை மட்டும் வாசியுங்கள். விடை தெரிய வேண்டாம், தெரிந்துகொள்ள ஆசை வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ஐம்பது மதிப்பெண்ணுக்காக ஐந்நூறைப் பணயம் வைக்காதீர்கள்.

அந்த இருவருக்கும்

மேன்ஷன் தம்பி இனி எதிலும் சேர வேண்டாம். இரண்டு சேனலையும் நிறுத்திவிட்டு, ஞாயிறு மதியம் மட்டும் முழுத் தாள் எழுதட்டும், அதுவும் காலையில் முதல் தாள் எழுதிய பிறகு. 10 மதிப்பெண்ணுக்கு ஏழு நிமிடம், 15-க்குப் பதினொன்று. கூட்டிப் பாருங்கள், சரியாக 180 வரும். வரிசை மாற்றி 19, 20-ஐ முதலில் எழுதுவதையும் ஒருமுறை முயன்று பார்க்கச் சொன்னேன். சிலருக்கு அது பிடிபடுகிறது, சிலருக்குப் பதற்றம் கூடுகிறது.

தங்கைக்கு வகுப்பு வேண்டாம், பி.எஸ்.ஐ.ஆரும் வேண்டாம். புவியியல் ஆப்ஷனலில் ஏற்கெனவே பாதி முடித்துவிட்டார், அதை ஏன் கலைப்பது? ரயிலில் வீடியோ, இரவு ஒரு மணி நேரம் நாளிதழ், மாதம் இரண்டு ஞாயிறு கோட்டூர்புரம், விடை திருத்தித் தரும் டெஸ்ட் சீரிஸுக்கு மட்டும் பணம். முதலில் அண்டை நாடு ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் போடச் சொன்னேன். அமெரிக்காவும் ரஷ்யாவும் பிறகு.

போன வாரம் ஒரு விடைத்தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். பத்தொன்பது முழுதாக முடிந்திருக்கிறது. இருபதாவது மீனவர் கேள்விதான். பாதியில் நிற்கிறது. 'கச்சத்தீவு ஒப்பந்தம்' என்று எழுதி, பக்கத்தில் வருடத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்.